பெட்டிக்குள் பஞ்சு: எதற்கு, எங்கே, எவ்வளவு

பலகை அறுத்து ஒட்டியாயிற்று. ஊஃபருக்கான வட்டமும் வெட்டியாயிற்று. ஸ்பீக்கரை உட்காரவைத்துத் திருகு முடுக்குவதற்கு முன்னால் ஏறக்குறைய எல்லோரும் நின்று யோசிக்கும் இடம் இது: உள்ளே பஞ்சு வைக்கலாமா, வைத்தால் எவ்வளவு? ஒருவர் தலையணைப் பஞ்சு முழுவதையும் திணிக்கச் சொல்வார். இன்னொருவர் சப்வூஃபருக்குப் பஞ்சே ஆகாது என்பார். இருவரும் தாம் செய்த பெட்டியை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள்; அந்தப் பெட்டிக்கு அது சரியாகவும் இருந்திருக்கும். உங்கள் பெட்டி மூடியதா, போர்ட் வைத்ததா, எத்தனை லிட்டர், கிராஸ்ஓவர் எங்கே வெட்டுகிறது என்பதெல்லாம் தெரியாமல் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது.

பெட்டிக்குள் ஒட்டும் பொருளுக்கும் அடைக்கும் பொருளுக்கும் மூன்று தனித்தனி வேலைகள் உண்டு. பலகை அதிராமல் பார்த்துக்கொள்வது ஒன்று. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியை உறிஞ்சுவது இன்னொன்று. உள்ளே அடைபட்ட காற்றின் விறைப்பைத் தளர்த்தி, சிறிய பெட்டிக்குச் சற்றுப் பெரிய பெட்டியின் குணத்தைத் தருவது மூன்றாவது. ஒரு வேலைக்கான பொருள் மற்றொன்றைச் செய்யாது. பலகை உதறும் பெட்டியில் பஞ்சைத் திணிப்பதும், காற்றின் விறைப்பைக் குறைக்க நினைத்துச் சுவரில் தார் ஷீட் ஒட்டுவதும் பணத்தையும் உழைப்பையும் வீணாக்கும். சப்வூஃபரைப் பொறுத்தவரை முதல் வேலையைப் பலகையும் ரீப்பரும் செய்ய வேண்டும்; இரண்டாவது பெரும்பாலும் தேவைப்படாது; மூன்றாவதுதான் பஞ்சின் உண்மையான வேலை, அதுவும் மூடிய பெட்டியில் மட்டும்.

எதிரொலி பற்றிய கவலை

வரவேற்பறை ஸ்பீக்கரின் பெட்டிக்குள் பஞ்சு ஒட்டுவதைப் பார்த்தவர்கள் சப்வூஃபருக்கும் அதே காரணம் பொருந்தும் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பொருந்தாது. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் செல்லும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் அப்போது 8.7 மீட்டர். உங்கள் பெட்டியின் உள்நீளமோ 35 சென்டிமீட்டர்தான். அவ்வளவு நீண்ட அலை அந்தச் சிறிய இடத்துக்குள் சுவருக்குச் சுவர் ஓடித் திரும்ப இடமே இல்லை. உள்ளே இருக்கும் காற்று முழுவதும் ஒரே நேரத்தில் அமுங்கும், ஒரே நேரத்தில் தளரும். எதிரொலி என்று சொல்ல எதுவும் உருவாவதில்லை.

இதோடு இன்னொன்றும் இருக்கிறது. நார்ப்பொருள் ஒலியை உறிஞ்சுவது காற்று வேகமாக முன்னும் பின்னும் அசையும் இடத்தில்தான். சுவரை ஒட்டிக் காற்று அசைய முடியாது. அசைவு உச்சத்தை எட்டுவது சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளி. 40 ஹெர்ட்ஸுக்கு அந்தத் தூரம் 2 மீட்டருக்கும் மேல். ஆகவே சுவரில் ஒட்டிய ஓர் அங்குல ஃபோம் ஆழ்ந்த பேஸை எந்த வகையிலும் தொடாது. அது அழகாக வெட்டிய கூம்புகளும் பள்ளங்களுமாக இருந்தாலும் சரி.

பெட்டிக்குள் நிலையலை எங்கே தொடங்கும்? அரை அலைநீளம் உள்நீளத்துக்குள் பொருந்தும் இடத்தில். 35 சென்டிமீட்டருக்கு அது சுமார் 500 ஹெர்ட்ஸ். உங்கள் கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸில் ஆக்டேவுக்கு 24 டெசிபல் வீதம் வெட்டுவதாக இருந்தால், 500 ஹெர்ட்ஸ் ஊஃபரை அடையும்போதே 60 டெசிபலுக்கு மேல் தணிந்திருக்கும். அதைப் பஞ்சு வைத்து மேலும் தணிப்பதில் பயனில்லை.

விதிவிலக்குகள் இரண்டைக் கவனிக்க வேண்டும். விலை மலிந்த சப்வூஃபர் போர்டுகள் சில 150 ஹெர்ட்ஸில், ஆக்டேவுக்கு 12 டெசிபல் மட்டுமே வெட்டுகின்றன. அப்படியானால் 500 ஹெர்ட்ஸ் 20 டெசிபல் அளவுக்குத்தான் தணியும். ஆண் குரல் சப்வூஃபரிலிருந்தும் வருவது போல மூக்கடைத்த தொனி கேட்பது இதனால்தான். இங்கே சுவரில் ஓர் அங்குல நார்ப்பொருள் ஒட்டுவது உண்மையாகவே பயன் தரும். முடிந்தால் போர்டை மாற்றுங்கள் என்பதே என் பரிந்துரை.

இரண்டாவது விதிவிலக்கு நீளமான பெட்டி. சோஃபாவுக்குப் பின்னால் வைக்கவும், வண்டி இருக்கைக்குக் கீழே தள்ளவும் ஒரு மீட்டர் நீளத்தில் பெட்டி செய்கிறார்கள். அதில் முதல் நிலையலை 175 ஹெர்ட்ஸிலேயே வந்துவிடும். அந்த அலைக்குக் காற்றின் அசைவு உச்சத்தில் இருப்பது பெட்டியின் நடுவில். இரு முனைச் சுவர்களிலும் ஒட்டுவதைவிட, நீளத்தின் நடுவே ஒரு கை அகலத்துக்குத் தளர்வாகப் பஞ்சு நிரப்பி, அது நகராமல் இருபுறமும் கொசுவலையை இழுத்து ஸ்டேப்பிள் அடித்தால் குறைந்த பொருளில் அதிகப் பலன் கிடைக்கும்.

பலகைக்குப் பஞ்சு மருந்தல்ல

சப்வூஃபர் பெட்டியின் சுவர்கள் தாங்கும் விசையை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தவர்கள் அதன்பின் பலகையில் சிக்கனம் பிடிக்க மாட்டார்கள். 10 அங்குல ஊஃபரின் கோன் பரப்பு சுமார் 340 சதுர சென்டிமீட்டர். அது 8 மில்லிமீட்டர் உள்ளே வரும்போது கால் லிட்டருக்குச் சற்று மேல் காற்றை அமுக்குகிறது. 30 லிட்டர் மூடிய பெட்டிக்குள் அதனால் எழும் அழுத்தம் ஏறக்குறைய 1,300 பாஸ்கல். நீளம் 35, அகலம் 32 சென்டிமீட்டர் உள்ள ஒரு பலகையின் மீது இது 15 கிலோ எடைக்குச் சமம். 40 ஹெர்ட்ஸ் ஒலித்தால், நொடிக்கு 40 முறை அந்த எடை பலகையை வெளியே தள்ளி, 40 முறை உள்ளே இழுக்கிறது. ஒவ்வொரு சுவருக்கும் இதே கதி. பலகை வளைந்து கொடுத்தால், அதுவே தன் பங்குக்கு ஒரு ஸ்பீக்கராகிவிடும். உள்ளே எத்தனை கிலோ பஞ்சு இருந்தாலும் இந்த அழுத்தம் பலகையை எட்டியே தீரும்.

பதில், குறுக்குக் கட்டை. எதிரெதிர்ப் பலகைகளை நடுவில் ஒரு ரீப்பரால் இணைத்தாலே பெரிய மாற்றம் தெரியும். அதைவிட நல்லது, நடுவில் பெரிய துளைகள் வெட்டிய ஒரு முழுப் பலகையைப் பெட்டிக்குள் குறுக்கே ஒட்டுவது. அது நான்கு சுவர்களையும் ஒருசேரப் பிடிக்கும். பலகையின் தடிமனை இரு மடங்காக்கினால் அதன் இயல்பு அதிர்வெண் இரு மடங்காகும். அதே பலகையை நடுவில் நீளவாக்கில் தாங்கினால், சதுரப் பலகையில் இரண்டரை மடங்கும் நீளமான பலகையில் கிட்டத்தட்ட நான்கு மடங்கும் உயரும். ஒரு துண்டுப் பலகைக்கும் கொஞ்சம் ஃபெவிகாலுக்கும் இவ்வளவு பலன். தாங்குகட்டையைச் சரியாக மையத்தில் வைக்காமல் ஓரிரு அங்குலம் தள்ளி வைத்தால், இரு பாதிகளும் ஒரே அதிர்வெண்ணில் ஒலிக்காது.

கார் கதவுகளில் ஒட்டும் தார் ஷீட்டைப் பெட்டிக்குள் ஒட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். கதவின் தகடு மெல்லியது, தட்டினால் கணகணவென்று ஒலிப்பது. அந்த ஒலிப்பை அடக்கத் தார் ஷீட் அருமையான பொருள். ஆனால் நன்றாகத் தாங்குகட்டை வைத்த 18 மில்லிமீட்டர் பிளைவுட் பெட்டியின் பலகைகள் ஒலிக்கத் தொடங்குவது சப்வூஃபர் வேலை செய்யும் எல்லைக்கு மிகவும் மேலே. அந்த எல்லைக்குள் தேவைப்படுவது விறைப்பு மட்டுமே. தார் ஷீட் எடையைக் கூட்டும், விறைப்பைக் கூட்டாது. எடை கூடியதால் பலகையின் இயல்பு அதிர்வெண் கொஞ்சம் கீழேகூட இறங்கும். அந்தப் பணத்தை இன்னொரு குறுக்குப் பலகைக்குச் செலவிடுங்கள்.

மூடிய பெட்டியில் பஞ்சு செய்யும் வேலை

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை விரைவாக அமுக்கினால் சூடேறும்; சூடேறிய காற்று இன்னும் பலமாக எதிர்த்துத் தள்ளும். கோன் உள்ளே வரும்போது பெட்டிக்குள் நடப்பதும் இதுதான். வெளியே போகும்போது காற்று குளிர்ந்து, அதே அளவுக்கு இழுத்துப் பிடிக்கும். இந்த வெப்ப ஏற்றத்தாழ்வு காற்றின் விறைப்பை 1.4 மடங்காக ஆக்குகிறது. பெட்டி முழுவதும் மெல்லிய நார்கள் பரவியிருந்தால், காற்று சூடேறும்போது அந்த வெப்பத்தை நார் வாங்கிக்கொள்ளும், குளிரும்போது திருப்பித் தரும். வெப்பநிலை பெரிதாக மாறாது. காற்று மென்மையாகும். கோனைப் பொறுத்தவரை பெட்டி பெரிதாகிவிட்டது போல.

ஏட்டுக் கணக்குப்படி இதன் உச்சவரம்பு 40 விழுக்காடு. அதாவது 30 லிட்டர் பெட்டி 42 லிட்டராக வேண்டும். நடைமுறையில் 15 முதல் 25 விழுக்காடு கிடைத்தால் நன்றாக நிரப்பியிருக்கிறீர்கள் என்று பொருள். வெப்பம் நாருக்குள் போய் வர நேரம் வேண்டும். தாழ்ந்த அதிர்வெண்களில் அந்த நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. எனவே இந்த உத்திக்கு மிகப் பொருத்தமான இடம் சப்வூஃபர்தான்.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எட்கர் வில்ச்சர், ஹென்றி குளாஸுடன் சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கி 1954-இல் கொண்டுவந்த ஏஆர்-1 ஸ்பீக்கர், 12 அங்குல ஊஃபரைச் சிறிய மூடிய பெட்டியில் வைத்து, உள்ளே கண்ணாடி இழையை நிரப்பியது. அதுவரை ஆழ்ந்த பேஸ் வேண்டுமென்றால் அலமாரி அளவுப் பெட்டி வேண்டும் என்றிருந்த நிலையை அது மாற்றியது. அந்தப் பெட்டியில் அடைபட்ட காற்றே கோனைத் திரும்பக் கொண்டுவரும் ஸ்பிரிங்காக வேலை செய்தது. உள்ளே இருந்த இழை அந்த ஸ்பிரிங்கைப் பதப்படுத்தியது.

உங்கள் ஊஃபரில் இது எவ்வளவு மாற்றம் தரும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். ஊஃபரின் தரவுத்தாளில் எஃப்எஸ் 30 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.45, விஏஎஸ் 60 லிட்டர் என்று இருப்பதாகக் கொள்வோம். விஏஎஸ் மதிப்பைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். 30 லிட்டர் பெட்டிக்கு 1.73 வரும். எஃப்எஸ், க்யூடிஎஸ் இரண்டையும் இதனால் பெருக்கினால், பெட்டியில் பொருத்திய ஊஃபரின் ஒத்ததிர்வு 52 ஹெர்ட்ஸ், க்யூ (ஒத்ததிர்வின் கூர்மை) 0.78. பஞ்சு நிரப்பி 20 விழுக்காடு கிடைத்தால் பெட்டி 36 லிட்டர் போல ஆகும். ஒத்ததிர்வு 49 ஹெர்ட்ஸுக்கும், க்யூ 0.73-க்கும் இறங்கும். நார் தரும் உராய்வால் க்யூ உண்மையில் இன்னும் சற்றுக் குறையும். பெட்டியையே 40 லிட்டராகச் செய்திருந்தால் பஞ்சே இல்லாமல் 47 ஹெர்ட்ஸ், க்யூ 0.71.

இந்த எண்களை நிதானமாகப் பாருங்கள். பஞ்சு தந்தது 3 ஹெர்ட்ஸும், இறுக்கமான ஒரு முடிவும். காதுக்குத் தெரியக்கூடிய மாற்றம்தான், ஆனால் மாயம் எதுவும் இல்லை. இடம் இருந்தால் பெட்டியைப் பெரிதாகச் செய்வதே நல்லது. அலமாரித் தட்டில் அடங்க வேண்டும், கட்டிலுக்குக் கீழே போக வேண்டும் என்று அளவு முன்பே முடிவாகிவிட்ட பெட்டிக்கும், அளவு தவறிச் சிறியதாக வந்துவிட்ட பெட்டிக்கும் பஞ்சு கைகொடுக்கும். க்யூ ஏற்கெனவே 0.6-க்குக் கீழே இருக்கும் பெரிய பெட்டியில் அதனால் ஆவது ஒன்றுமில்லை.

எந்தப் பஞ்சு

வெப்பத்தை வாங்கிக் கொடுப்பது நாரின் மேற்பரப்பு. நார் மெல்லியதாக இருந்தால் ஒரே எடையில் மேற்பரப்பு அதிகம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கடையில் தேர்ந்தெடுப்பது எளிது.

தலையணைக்கு அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு, கடைகளில் ரெக்ரான் என்று சொல்வது, வீட்டில் செய்பவர்களுக்கு எல்லா வகையிலும் ஏற்றது. தோலை அரிக்காது, ஈரத்தை உறிஞ்சாது, பூச்சி தின்னாது, ஆண்டுக்கணக்கில் உப்பலாக இருக்கும். புதுத் தலையணை ஒன்றைப் பிரித்தாலே ஒரு நடுத்தரப் பெட்டிக்குப் போதும். படுத்துக் கட்டிதட்டிய பழைய தலையணை வேண்டாம். சோஃபா தைப்பவர்கள் பயன்படுத்தும் விரிப்பு வடிவப் பாலியஸ்டர் பஞ்சு கிடைத்தால் சுவரில் ஒட்ட அது இன்னும் வசதி.

கண்ணாடி இழை, நிரப்புவதில் பாலியஸ்டரைவிட ஒரு படி மேல். ஏர்கண்டிஷனர் டக்ட் வேலை செய்பவர்களிடம் கிடைக்கும். ஆனால் அதன் நுண்ணிழைகள் கண், தோல், மூச்சுக்குழல் எல்லாவற்றையும் உறுத்தும். முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் தொடவே கூடாது. ஊஃபரின் வாய்ஸ் காயில் இடுக்கில் ஒரு துணுக்கு புகுந்தாலும் உராய்ந்து கெடுக்கும் என்பதால், மல் துணியில் பொதிந்து தைத்துத்தான் உள்ளே வைக்க வேண்டும். போர்ட் வைத்த பெட்டியில் இதைப் பயன்படுத்தாதீர்கள். போர்ட் வழியாக இழை அறைக்குள் வரும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. கிடைக்கும் கூடுதல் பலன் இந்தத் தொல்லைக்கு ஈடாகாது.

இலவம் பஞ்சு நம் ஊர்களில் எளிதாகக் கிடைக்கிறது. அதன் நார் மெல்லியது, உள்ளே வெற்றுக் குழல் போன்றது, மெழுகுப் பூச்சு உள்ளதால் தண்ணீரும் எளிதில் ஒட்டாது. நிரப்புவதற்கு நன்றாகவே வேலை செய்யும். குறை என்னவென்றால், நார் குட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் ஒன்றையொன்று பற்றாது. பறக்கும், நாளடைவில் கீழே படிந்து கட்டியாகும். மேலும் மிக விரைவாகத் தீப்பற்றும். சிறு சிறு துணிப்பைகளில் தளர்வாக அடைத்து, பெட்டியில் அடுக்கி, ஆம்ப் இருக்கும் அறைக்குள் ஒரு துளியும் போகாமல் பார்த்துக்கொண்டால் பயன்படுத்தலாம்.

கம்பளி மிக நல்ல பொருள். 1965-இல் ஆர்தர் பெய்லி நீண்ட குழல்பாதை வகைப் பெட்டியை அறிமுகப்படுத்தியபோது நீளமான ஆட்டு ரோமத்தைத்தான் நிரப்பினார். ஆனால் அந்துப்பூச்சி அதை விடாது. ரப்பர் கலந்த தேங்காய் நார் மெத்தைத் துண்டுகளின் நார் மிகத் தடிப்பு, நிரப்ப உதவாது. பியு ஃபோம் ஒட்டுவதற்குச் சுலபம், ஆனால் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் பொடியாக உதிரத் தொடங்கும். பழைய ஸ்பீக்கர்களின் ஃபோம் விளிம்பு தொட்டால் உதிர்வதைக் கண்டவர்களுக்கு இது தெரியும். தெர்மக்கோல், யோகா பாய், முட்டை அட்டை மூன்றும் எந்த வேலைக்கும் ஆகா. ஐயமிருந்தால் பொருளை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். கொஞ்சம் தடையோடு காற்று மறுபுறம் வர வேண்டும். வரவில்லையென்றால் அது ஒலியையும் உள்ளே விடாது.

நிரப்புவதும் அளப்பதும்

பாலியஸ்டர் பஞ்சுக்கு லிட்டருக்கு 8 முதல் 16 கிராம் என்பது நல்ல எல்லை. 30 லிட்டர் பெட்டிக்கு 12 கிராம் வீதம் 360 கிராம். சமையலறைத் தராசில் எடைபோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்; கையளவு, பையளவு என்று குத்துமதிப்பாகப் போட்டால் பிறகு ஒப்பிட முடியாது. இந்த 360 கிராம் பஞ்சின் நார் மட்டும் அடைக்கும் இடம் கால் லிட்டர்தான் என்பதால் பெட்டியின் கொள்ளளவு குறையுமே என்று கவலைப்பட வேண்டாம்.

உள்ளே வைப்பதற்கு முன் கையால் நன்றாகப் பிய்த்து உப்பவிடுங்கள். உருண்டை உருண்டையாக எறிந்தால் உருண்டைக்குள் இருக்கும் நாருக்கு வேலையே கிடைக்காது. மூலைகளில் தொடங்கிச் சீராகப் பரப்பி, தாங்குகட்டையின் துளைகள் வழியாகவும் செலுத்துங்கள். ஊஃபருக்குப் பின்னால் நான்கு விரல் இடைவெளி விட்டு ஒரு கொசுவலையை இழுத்து ஸ்டேப்பிள் அடியுங்கள். பஞ்சு கோனைத் தொடக் கூடாது. பல ஊஃபர்களில் மேக்னட்டின் பின்புறம் நடுவில் ஒரு காற்றுத் துளை இருக்கும். அதை மூடினாலோ, அதற்குள் நார் போனாலோ காயில் சூடேறும், சத்தமும் கெடும். பஞ்சு ஓரிடத்தில் நிற்பதற்கும் காரணம் உண்டு: பிடிப்பில்லாத பஞ்சு தாழ்ந்த அதிர்வெண்களில் காற்றோடு சேர்ந்து தானும் ஆடும், அந்த எடையைக் கோன் சுமக்க நேரும். உள்ளே செல்லும் ஒயரையும் பலகையோடு கிளிப் போட்டுப் பிடித்துவிடுங்கள்.

சுவரில் ரப்பர் பசை தடவி ஒட்டியிருந்தால் ஒரு நாள் முழுவதும் பெட்டியைத் திறந்தே வையுங்கள். அதன் ஆவி ஊஃபரின் ரப்பர் விளிம்புக்கும் ஒட்டுப்பசைக்கும் ஆகாது. வினிகர் வாடை வீசும் சிலிகானுக்கும் இதே எச்சரிக்கை.

போதுமா, இன்னும் வேண்டுமா என்பதைக் காதால் முடிவு செய்வதைவிட மல்டிமீட்டரால் முடிவு செய்வது நம்பகமானது. சப்வூஃபர் ஃபில்டர் இல்லாத ஒரு சாதாரண ஆம்ப், டோன் உண்டாக்கும் செயலி உள்ள கைபேசி, 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று போதும். ஆம்ப்பின் வெளியீட்டை 5 வோல்ட் அளவுக்கு வைத்து, ரெசிஸ்டரை ஊஃபரோடு தொடராக இணையுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில், 2 வோல்ட் அல்லது அதையொட்டிய ரேஞ்சில் வைத்து ஊஃபரின் இரு முனைகளில் அளவெடுங்கள். 30 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொரு ஹெர்ட்ஸாக ஏற்றிக்கொண்டே வந்தால் வோல்ட் மெல்ல உயர்ந்து ஓரிடத்தில் உச்சம் தொட்டு இறங்கும். உச்சம் இருக்கும் இடமே பெட்டியின் ஒத்ததிர்வு. பஞ்சில்லாமல் ஒருமுறை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு லிட்டருக்கு 8 கிராம் வைத்து, ஊஃபரைத் திருகி, மீண்டும் எடுங்கள். பிறகு 12, பிறகு 16. உச்சம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கீழே நகரும், நகரும் அளவு குறைந்துகொண்டே வரும், ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அதற்கு மேலும் திணித்தால் பஞ்சு காற்றின் இடத்தைப் பிடித்து, உச்சம் மீண்டும் மேலே ஏறத் தொடங்கும். ஏறத் தொடங்குவதற்கு முந்தைய அளவே உங்கள் பெட்டிக்கான அளவு. தரவுத்தாளை நம்பிப் போட்ட கணக்கும் இந்த அளவீடும் சில ஹெர்ட்ஸ் விலகினால் அளவீட்டையே நம்புங்கள்.

போர்ட் வைத்த பெட்டி

இங்கே பஞ்சை நிரப்பக் கூடாது. போர்ட் பெட்டியின் பலம் முழுவதும், உள்ளே இருக்கும் காற்றும் போர்ட்டில் இருக்கும் காற்றும் தடையில்லாமல் சேர்ந்து ஆடுவதில் இருக்கிறது. இடையே நார் நின்றால் அந்த ஆட்டத்தின் ஆற்றலைத் தின்றுவிடும். 30 ஹெர்ட்ஸில் போர்ட் தர வேண்டிய சத்தம் மங்கி, நீங்கள் பெரிய பெட்டி செய்த நோக்கமே கெட்டுப்போகும். மேலே சொன்ன அளவீட்டை இந்தப் பெட்டியில் செய்தால் இரண்டு உச்சங்களும் நடுவே ஒரு பள்ளமும் தெரியும். பள்ளம் இருக்கும் இடம் போர்ட்டின் டியூனிங். பஞ்சு கூடக் கூட இரண்டு உச்சங்களும் குட்டையாவதைக் கண்கூடாகக் காணலாம்.

சுவரில் ஒட்டுவது வேறு. அது இந்தப் பெட்டியில் மூடிய பெட்டியைவிட அதிகம் தேவைப்படலாம். உள்ளே உருவாகும் 500 ஹெர்ட்ஸ் நிலையலைக்கு வெளியே வர ஒரு கதவு திறந்திருக்கிறதே! பின்பக்கம், ஒரு பக்கச் சுவர், மேல்பக்கம் என மூன்றில் மட்டும் ஓர் அங்குலப் பாலியஸ்டர் விரிப்பு அல்லது ஃபெல்ட் ஒட்டினால் போதும். எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றில் ஒட்டினாலே அலை வலுவிழக்கும். போர்ட்டின் உள்வாயைச் சுற்றி அதன் விட்டத்தின் அளவுக்காவது எதுவும் இருக்கக் கூடாது. ஊஃபருக்கும் போர்ட்டுக்கும் இடையிலான வழியும் வெறுமையாக இருக்கட்டும். ஓரங்களைப் பசையோடு ஸ்டேப்பிளும் அடித்து உறுதியாக்குங்கள். உரத்த ஒலியில் போர்ட்டில் காற்று நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் போய் வரும். தளர்ந்த பஞ்சு அதோடு கிளம்பி வந்துவிடும்.

ஒரு பக்கம் மூடிய அறையும் மறுபக்கம் போர்ட் அறையுமாகச் செய்யும் பேண்ட்பாஸ் பெட்டியில் இரண்டு விதியும் அதனதன் அறைக்குப் பொருந்தும்.

பெட்டியைக் குறை சொல்வதற்கு முன்

பஞ்சு நிரப்பியும் குமுறல் போகவில்லை, இன்னும் திணிக்கலாமா என்று கேட்பவர்களில் பலருடைய சிக்கல் பெட்டியில் இல்லவே இல்லை. 12 அடி நீள அறையின் முதல் நிலையலை சுமார் 48 ஹெர்ட்ஸ். அறைக்குச் சுவர் இருக்கிறது, நீளம் இருக்கிறது, பெட்டியைவிடப் பத்து மடங்கு பெரியது. பெட்டிக்குள் உருவாக முடியாத அலை அறைக்குள் தாராளமாக உருவாகும். 48 ஹெர்ட்ஸ் டோனை மிதமான சத்தத்தில் ஒலிக்கவிட்டு, அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பாருங்கள். சுவரோரம் உரக்கவும் நடுவில் மிக மெல்லவும் கேட்டால் குமுறுவது அறைதான். சப்வூஃபரை மூலையிலிருந்து வெளியே எடுத்து, சுவரின் நடுப்பகுதி நோக்கி அடி அடியாக நகர்த்திக் கேளுங்கள். உட்காரும் நாற்காலியையும் பின்சுவரிலிருந்து முன்னே கொண்டுவாருங்கள். பெட்டிக்குள் செய்யும் எந்த வேலையும் தராத மாற்றத்தை இது தரும்.

குமுறலுக்குப் பதில் கடகடப்போ சீழ்க்கையோ கேட்டால், 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை டோனை ஓடவிட்டுப் பலகைகளில் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். மூடிய பெட்டியில் கோனை நான்கு விரலால் மெல்ல அமுக்கி விட்டால் அது சோம்பலாகத் திரும்ப வர வேண்டும். உடனே துள்ளி வந்தால் எங்கோ காற்றுக் கசிகிறது. மூலை இணைப்புகளிலும், ஒயர் வெளியே வரும் துளையிலும், ஊஃபரின் விளிம்புக்குக் கீழே உள்ள கேஸ்கட்டிலும் தேடுங்கள்.

பெட்டியிலேயே ஆம்ப் பொருத்துவதானால் அதற்குத் தனி அறை தடுத்து, தடுப்பின் ஓரங்களை அடைத்துவிடுங்கள். சூடாகும் ஹீட்சிங்க் அருகே எந்தப் பஞ்சும் இருக்கக் கூடாது. எத்தனை கிராம், என்ன பொருள், அளந்த ஒத்ததிர்வு எத்தனை ஹெர்ட்ஸ் என்பதை ஊஃபர் துளைக்கு உட்புறம் பலகையில் பென்சிலால் எழுதிவையுங்கள். ஊஃபரை மாற்றும் நாளில் மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிராது. போர்ட் வைத்த பெட்டி என்றால், சுண்டெலிக்கு உள்ளே மெத்தென்ற பஞ்சோடு ஓர் அறை தயாராக இருக்கிறது. போர்ட்டின் வாயில் கம்பி வலை அடித்தால் உரத்த ஒலியில் காற்று இரையும். அதனால் பாட்டு முடிந்ததும் போர்ட்டுக்குள் இறுக்கமாக ஒரு துணிப்பந்தைச் செருகி, மறுபடி போடும்போது எடுக்க நினைவூட்டும்படி அதன் வாலை வெளியே தொங்கவிடுங்கள்.